கூண்டை இறக்குவது யார்?

ஆடி அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு, இரவு ஒன்பதரை மணிக்குத் திருப்பூரிலிருந்து தங்கை அழுதுகொண்டே பேசினாள். "பாம்பனில் கடல் உள்வாங்கிவிட்டதாமே, அம்மாவைக் கூட்டிக்கொண்டு உடனே கிளம்பு" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அம்மா பீரோவைத் திறந்து ரேஷன் கார்டையும் பாஸ்புக்கையும் மஞ்சள் பையில் திணித்துக்கொண்டிருந்தார். கடல் உள்வாங்கியதைக் காட்டும் அந்த வீடியோ அவருடைய கைப்பேசிக்கும் வந்திருந்தது.

எங்கள் வாசலிலிருந்து கடல் நூறு அடி தூரம். சித்தப்பா டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு நடந்தார், பின்னாலேயே நானும் போனேன். நாட்டுப்படகுகள் சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தன. நங்கூரக் கயிறுகள் தொய்ந்து பாசியோடு ஒட்டியிருந்தன. சித்தப்பா கொஞ்ச நேரம் காற்றுக்கு முகத்தைக் கொடுத்து நின்றார். "கச்சான் காற்று ஓங்கி அடிக்கிறது, அமாவாசை வேறு நெருங்கிவிட்டது. தண்ணீர் ஒதுங்காமல் என்ன செய்யும்? விடிந்தால் ஏறிவிடும். போய்ப் படு" என்றார். விடிந்தபோது படகுகள் மிதந்தன.

இது எங்கள் கரைக்குப் புதிதல்ல. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். தெற்கிலிருந்து காற்று பலமாக வீசினால் வடகடல் பக்கம் தண்ணீர் கரையை விட்டு விலகும். வாடை வீசினால் தென்கடலான மன்னார் வளைகுடாப் பக்கம் விலகும். ஆனால் 2004க்குப் பிறகு 'கடல் உள்வாங்கினால் சுனாமி' என்ற பாடம் எல்லார் மனத்திலும் பதிந்துவிட்டது. அந்தப் பாடம் பொய்யல்ல. நில அதிர்வுக்குப் பின் கடல் விறுவிறுவென்று வடிந்தால் ஓடத்தான் வேண்டும். காற்றால் விலகும் தண்ணீரோ மணிக்கணக்கில் அப்படியே கிடக்கும். பாதி உண்மையின் மேல் ஏறி வருவதால்தான் இந்த வதந்திக்கு இவ்வளவு பலம். 1964இல் தனுஷ்கோடியைப் பறிகொடுத்த கரையில் பயத்தை மூட்டுவதற்கு ஒரு வீடியோ போதும்.

என்னை உறுத்துவது வேறொன்று. அந்த வீடியோவை எங்கள் தெருக் குழுவில் போட்டவர் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார். அவர் அனுப்பினார் என்பதால் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. மறுநாள் அவரிடம் கேட்டேன். மதுரையில் டாக்டராக இருக்கும் மகன் அனுப்பியது என்றார். மகனுக்கு ஒரு நண்பர். நண்பருக்கு யாரோ. எல்லாரும் ஆளை நம்பியிருக்கிறார்கள். நூறு அடி நடந்து கடலைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. படிக்காதவர்கள்தான் வதந்தியை நம்புவார்கள் என்று பேசுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன். படிப்பு இங்கே காப்பாற்றவில்லை. பாசமும் மரியாதையும்தான் பொய்க்குத் தோள் கொடுத்தன.

என் தாத்தா மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். 1983 ஜூலைக் கலவரத்தின்போது அகதிகள் படகில் வந்து இறங்கிய நாட்களில் அவர் ஆகாசவாணியைக் கேட்பார், இலங்கை வானொலியைக் கேட்பார், இரவில் பிபிசி தமிழோசைக்கு முள்ளைத் திருப்புவார். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பக்கம் உண்டு என்று அவருக்குத் தெரியும். ஒன்று சொல்லி மற்றது சொல்லாமல் விட்டதைப் பற்றித்தான் கரையில் வலை பின்னியபடி பேசுவார்கள். அப்புறம் படகில் வந்தவர்களிடமே கேட்பார்கள். இன்று ஒரே இரவில் ஐம்பது இடங்களிலிருந்து செய்தி வருகிறது, ஐம்பதும் ஒரே வீடியோ. பலர் சொல்கிறார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது.

தொலைக்காட்சிக்கும் இதில் பங்கு உண்டு. 'கடல் உள்வாங்கியதால் பரபரப்பு' என்று தரைதட்டிய படகுகளை நாள் முழுக்கக் காட்டுகிறார்கள். தண்ணீர் திரும்பியதைக் காட்ட கேமரா வருவதில்லை. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை ஆராய்ந்து 2018இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. உண்மையைவிடப் பொய்யை மறுபகிர்வு செய்யும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம் என்றும், அதைப் பரப்புவது இயந்திரக் கணக்குகளைவிட மனிதர்கள்தான் என்றும் அதில் கண்டிருந்தார்கள். ஆச்சரியப்படுத்துவதை நாம் கைமாற்றுகிறோம். 'கடல் வழக்கம்போல் இருக்கிறது' என்பதை யார் யாருக்கு அனுப்புவார்கள்?

பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் நாங்கள் நம்புகிறோம். ஒன்றிலிருந்து பதினொன்று வரை எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பது சிறுவர்களுக்கும் தெரியும். ஏற்றியது யார் என்று தெரியும். அதைவிட முக்கியம், ஆபத்து நீங்கியதும் அதே கையால் இறக்குகிறார்கள். வதந்தியை இறக்க ஆள் கிடையாது. அது அடுத்த ஆடியில் மறுபடி வரும்.

இப்படி மூன்று முறை பயந்து ஓடியவர்கள் நான்காவது முறை உண்மையான எச்சரிக்கைக்கு அசைய மாட்டார்கள் என்பதுதான் என் கவலை. 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த குமரி மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. வந்து சேர்ந்தும் நம்பாத நிலை வந்தால் அதைவிடக் கொடுமை. கடல் விலகிய அரை மணி நேரத்துக்குள் 'இது காற்றால் விலகிய தண்ணீர், நில அதிர்வு எதுவும் இல்லை' என்று கோயில், மசூதி, மாதா கோயில் ஒலிபெருக்கிகளில் அதிகாரிகள் சொல்ல வைக்கலாம். ஹைதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. தகவல் அங்கே இருக்கிறது, எங்கள் தெருவுக்கு வர வேண்டும்.

வாத்தியாரிடம், தண்ணீர் ஏறிவிட்டது என்பதையும் நீங்களே குழுவில் போடுங்கள் ஐயா என்று கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னோடு கரைக்கு வந்தார், தன் கையாலேயே படம் எடுத்தார். அந்தப் படத்தைத்தான் இங்கே போட்டிருக்கிறேன். காலை ஆறே காலுக்கு எடுத்தது. அன்று இரவு வீடியோவைப் பகிர்ந்தவர்கள் இதையும் அதே ஆட்களுக்கு அனுப்புங்கள்.