வாலை விட்டுவிட்டு ஓடிய பல்லி

ஒரு பல்லியைப் பார்த்து ஒரு நட்பை முறித்துக்கொண்டவன் நான். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் அப்படித்தான் நடந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு ராத்திரி, சமையலறைக் கதவைச் சாத்தும்போது கதவுக்கும் நிலைக்கும் நடுவில் ஒரு பல்லி மாட்டிக்கொண்டது. நான் பதறிப்போய்க் கதவைத் திறப்பதற்குள் அது சுவரேறி ஓடிவிட்டது, வால் மட்டும் தரையில் கிடந்து துடித்துக்கொண்டிருந்தது. ரத்தம் என்று சொல்லும்படி எதுவுமே இல்லை. அந்தச் சமயம் எனக்கும் நெருங்கிய நண்பன் ஒருவனுக்கும் மனஸ்தாபம். பணமோ துரோகமோ இல்லை, எனக்கு ரொம்பவும் தேவைப்பட்ட ஒரு நாளில் அவன் வரவில்லை, அவ்வளவுதான். அந்த வால் அடங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். பிழைக்க வேண்டுமென்றால் விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இரு என்று எனக்கென்றே யாரோ சொன்னதுபோல இருந்தது. மறுநாள் காலையில் அவன் எண்ணை பிளாக் செய்தேன். பெரிய தெளிவு கிடைத்துவிட்டதாக மனப்பூர்வமாக நம்பினேன், நாலு பேரிடம் இந்தக் கதையைச் சொல்லியும் இருக்கிறேன்.

சில வாரங்கள் கழித்து அதே பல்லியை மறுபடியும் பார்த்தேன். மொட்டை வாலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. மற்ற பல்லிகள் விளக்கைச் சுற்றிப் பூச்சி பிடித்துக்கொண்டிருக்க, இது தள்ளி மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தது. உடம்பும் வற்றிப்போயிருந்த மாதிரி பட்டது. அது ஏனோ மனதைப் பிசைந்தது. அப்புறம்தான் உட்கார்ந்து பல்லி வாலைப் பற்றித் தேடிப் படித்தேன்.

வால் அறுந்து விழுவது தற்செயல் இல்லை. வால் எலும்புகளுக்குள்ளேயே உடைவதற்கென்று வலுக்குறைந்த இடங்கள் பிறவியிலேயே இருக்கின்றன, உடைந்ததும் சுற்றியுள்ள தசை சுருங்கி ரத்தக் குழாய்களை அடைத்துவிடுகிறது. இதுவரைக்கும் நான் எடுத்துக்கொண்ட பாடத்தோடு ஒத்துப்போகிறது, சரி. ஆனால் பல்லிகள் கொழுப்பில் பெரும்பகுதியைச் சேர்த்து வைப்பது அந்த வாலில்தான். இரை கிடைக்காத நாட்களுக்கான சேமிப்பை அப்படியே தரையில் போட்டுவிட்டு ஓடியிருக்கிறது அது. திரும்ப முளைக்கிற வாலில் பழைய எலும்புகள் வருவதில்லை, உள்ளே ஒரு குருத்தெலும்புக் குழல்தான். அந்தப் புது வாலில் உடைவதற்கான இடங்களும் கிடையாது, ஆகவே அடுத்த முறை ஆபத்து வந்தால் இன்னும் மேலே, பழைய எலும்பு மிச்சமிருக்கிற இடத்தில், உடம்புக்குப் பக்கத்தில்தான் அறுபட வேண்டும். இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. நான் எத்தனை பேரை இப்படி விட்டுவிட்டு வந்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் எவ்வளவு உள்ளே தள்ளி வெட்டியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன்.

சிற்றுயிர்களைப் பார்த்து வாழ்க்கைப் பாடம் எடுத்துக்கொள்வதே தப்பு என்று சொல்லவரவில்லை. எனக்கு அது பிடிக்கும், இன்றைக்கும் செய்கிறேன். ஆனால் நாம் அரை நிமிடம் பார்த்துவிட்டு, ஏற்கெனவே மனதில் எடுத்திருந்த முடிவை அதன் வாயில் போட்டுவிடுகிறோம். எனக்கு அன்றைக்குக் கோபம், அதனால் பல்லி கோபத்துக்குச் சாதகமாகப் பேசியது. பல்லிக்கு என் நட்பைப் பற்றி என்ன தெரியும்?

எறும்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓயாத உழைப்புக்கு அதைத்தான் எல்லோரும் காட்டுவோம், சின்ன வயதிலிருந்து எனக்கும் அதைக் காட்டித்தான் வளர்த்தார்கள். அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டெம்னோதொராக்ஸ் என்கிற சிற்றெறும்பு வகையின் கூடுகளைக் கவனித்து 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வேலைக்கார எறும்புகளில் ஏறத்தாழ 40 சதவீதம் பெரும்பாலான நேரம் சும்மாதான் இருந்தன. மிகச் சுறுசுறுப்பான 20 சதவீதத்தை அவர்கள் கூட்டிலிருந்து எடுத்தபோது, ஒரு வாரத்துக்குள் சும்மா இருந்தவை அந்த வேலைகளை ஏற்றுக்கொண்டன. உடம்பு முடியாமல் படுத்திருந்த மாதங்களில் நானே என்னை எவ்வளவு திட்டிக்கொண்டேன், அதற்கும் எறும்பைத்தானே சாட்சிக்கு இழுத்தேன்! சிலந்தியும் அப்படித்தான், விடாமுயற்சி என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். வட்ட வலை பின்னும் சிலந்திகள் பல, பழைய வலையைத் தின்று அந்தப் புரதத்திலிருந்தே புது நூல் நூற்கின்றன. திரும்பக் கட்டுகிறது என்பதைவிட எதை வைத்துக் கட்டுகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

போன மாதம் அவனுக்கு போன் செய்தேன். எடுத்ததும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, பிறகு "நீயாடா?" என்றான். அந்த நாளில் ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான். அவன் சொன்னதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை, ஆனால் அன்று நான்தான் அவனிடம் போயிருக்க வேண்டும். இப்போது வாரம் ஒரு முறை பேசுகிறோம். பழைய மாதிரி இல்லை, ஒவ்வொரு வார்த்தையையும் இரண்டு பேரும் பார்த்துப் பார்த்துத்தான் பேசுகிறோம்.

நேற்று ராத்திரி ஒரு பல்லி விளக்குக்குக் கீழே வந்தது. வாலின் பாதியில் ஒரு கோடு, அதற்குக் கீழே நிறம் வேறு. அதுதானா என்று உறுதியாகத் தெரியவில்லை. ஒரு பூச்சியைப் பிடித்து விழுங்கும்வரை நான் கதவைத் தொடவில்லை.