கதவைத் தட்ட ஓர் ஆள் வேண்டும்

2021 ஜூன் இறுதியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவைச் சுட்டெரித்த வெப்ப அலை பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, அங்குள்ள லிட்டன் ஊரில் பதிவான 49.6 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையிலேயே நின்றுவிடுகிறது. என்னை உலுக்கியது வேறு கணக்கு. மாகாண மரண விசாரணை அலுவலகத்தின் அறிக்கைப்படி, வெப்பத்தால் இறந்த 619 பேரில் 98 சதவீதத்தினர் கட்டடங்களுக்குள்ளேயே பாதிக்கப்பட்டவர்கள். பாதிக்கும் மேற்பட்டோர் தனியாக வாழ்ந்தவர்கள். மிதமான கோடைக்குப் பழகிய ஊர்கள், பல வீடுகளில் ஏசி கிடையாது, இரவிலும் அறைச் சூடு தணியவில்லை. அப்படிக் கொதிக்கும் அறையில் மின்விசிறி அனல் காற்றைத்தான் சுழற்றும் (இதைப் பலர் நம்புவதே இல்லை). ஈரத்துணியும் குளிர்ந்த நீர்க் குளியலும் உதவும். ஆனால் தனித்திருக்கும் முதியவருக்கு அதைச் செய்துகொள்ளவே தெம்பு இருக்காதே! அக்கம்பக்கத்தார் மாலைதோறும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பேச்சு குழறினால் ஆம்புலன்ஸை அழைக்க ஒரு நிமிடமும் தயங்கக்கூடாது.