ஓடும்போது நிற்கிற வண்டியை நிறுத்தி வைத்துப் பார்த்தால் என்ன தெரியும்?

"ஓட்டிப் பார்த்தாச்சு சார், எந்தப் பிரச்சினையும் வரலை."

பைக் சர்வீஸ் சென்டரில் சொல்கிற இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. ஓட்டிப் பார்த்தார்களாம். வண்டியை விடும்போது மீட்டரில் இருந்த கிலோமீட்டரை போட்டோ எடுத்து வைத்திருந்தேன். திரும்ப வாங்கும்போது பார்த்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஏறவில்லை. ஷெட்டுக்குள் தள்ளிப் போனதும், வாட்டர் வாஷுக்குத் தள்ளிப் போனதும்தான் இவர்கள் ஓட்டிய ஓட்டம். இதற்கு நான் காலையில் விட்டு, மாலை வரை பஸ் ஸ்டாண்டிலும் டீக்கடையிலும் காத்துக் கிடக்க வேண்டும்.

என் வண்டியின் கோளாறு ஒன்றும் புரியாத கோளாறு இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது, அதுவும் இடது பக்கம் திருப்பும்போது, பொட்டென்று அணைந்துவிடும். என்ஜின் மட்டும் இல்லை; மீட்டர், இண்டிகேட்டர், ஹாரன் எல்லாமே சேர்ந்து போகும். ஹேண்டிலை ஆட்டினால் சில நேரம் உயிர் வரும், சில நேரம் வராது. எங்கள் பக்கத்துச் சாலைகள் எப்படி என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாய்க்காலுக்கு வாய்க்கால் ஒரு மதகு, மதகுக்கு மதகு ஒரு வளைவு. அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையத்துக்கு நெல் ஏற்றப் போகிற லாரிகள் பின்னாலேயே முட்டிக்கொண்டு வரும். அப்படி ஒரு வளைவில், இருட்டில், பின்விளக்கு உட்பட எல்லாம் அணைந்து வண்டி நின்றது. பின்சீட்டில் மகள். லாரிக்காரர் எங்களைப் பார்த்து ஒடித்து ஓட்டிய புண்ணியத்தில்தான் இன்றைக்கு இதை எழுதுகிறேன்.

இதையெல்லாம் சர்வீஸ் சென்டரில் புகாரைக் கேட்டு வண்டியை வாங்கிக்கொள்கிற அட்வைசரிடம் வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். இடது பக்கம் திருப்பும்போது, மொத்தக் கரண்டும் போகிறது என்று. அவர் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டி, மெக்கானிக் என்ன பார்க்க வேண்டும் என்று எழுதுகிற ஜாப் கார்டைக் கொடுத்தார். அதில் இருந்தது: "ஸ்டார்டிங் பிராப்ளம், ஜெனரல் செக்கப்." தம்பி, நான் சொன்னது இது இல்லையே என்றேன். "உள்ளே சொல்லிக்கிறேன் சார்" என்றார். சொல்லவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அநியாயம். முதலில் ஸ்பார்க் பிளக் மாற்றினார்கள். மறு வாரமே வண்டி நின்றது. அடுத்து பேட்டரி வீக் என்றார்கள். புதுப் பேட்டரி என் காசில், லேபர் சார்ஜும் அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் என் காசில். அதற்கும் பிறகு நின்றது. அப்போது பெட்ரோலைக் குறை சொன்னார்கள்: எத்தனால் கலக்கிறார்கள் சார், டேங்க்கில் இருக்கிற பெட்ரோல் பம்ப்பை மாற்றிப் பார்க்கலாம். மாற்றிப் பார்க்கலாமாம்! யார் காசில் பார்ப்பது?

கொஞ்சம் யோசித்தால் போதும். பிளக் போனால் என்ஜின் திணறும், நிற்கும். மீட்டர் விளக்கு ஏன் அணைய வேண்டும்? பெட்ரோல் பம்ப் நின்றாலும் அப்படித்தான், ஹாரன் அடிக்கும், விளக்கு எரியும். எல்லாம் ஒரே நேரத்தில் போகிறது என்றாலே தேட வேண்டிய இடம் சின்னதாகிவிடும். பேட்டரி டெர்மினல், மெயின் ஃபியூஸ், சாவி சுவிட்ச், இவற்றுக்கு நடுவே ஓடுகிற வயர். அதிலும் ஹேண்டிலைத் திருப்பினால் போகிறது என்றால், ஹேண்டிலோடு சேர்ந்து வளைகிற வயரை அல்லவா முதலில் பார்க்க வேண்டும்? "ஸ்கேனர்ல எர்ரர் எதுவும் காட்டலையே சார்" என்று பதில். வண்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டர் குறித்து வைத்த கோளாறைப் படித்துச் சொல்கிற கருவிதான் ஸ்கேனர். எப்படிக் காட்டும்? கரண்ட் மொத்தமாகப் போகும்போது எர்ரரைக் குறித்து வைக்க வேண்டிய கம்ப்யூட்டரும் சேர்ந்துதானே அணைகிறது!

2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய், கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்ஷன் ஏறியது. புகை குறையட்டும், நல்லதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதோடு ஸ்கேனர் சொல்வதுதான் வேதவாக்கு என்று ஆகிவிட்டது. ஸ்கேனர் வாயைத் திறக்காவிட்டால் கோளாறே இல்லை என்று முடிவு கட்டுகிறார்கள். ஊரில் இருக்கிற மெக்கானிக்கிடம் போகலாம் என்றால் அவரிடம் அந்தக் கம்பெனி ஸ்கேனர் இல்லை. போதாததற்கு, வெளியில் வயரிங்கில் கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்று முதல் நாளே மிரட்டி அனுப்புகிறார்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரோ மன்னார்குடி, திருவாரூர், கும்பகோணம் என்று பெரிய ஊர்களில்தான். கோட்டூரிலிருந்தும் முத்துப்பேட்டையிலிருந்தும் வருகிறவன் அரை நாள் வேலையை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்து தண்ணீர் வந்து, நடவு ஆரம்பித்துவிட்டால் எங்களுக்கு அரை நாள் என்பது லேசான விஷயமா? உர மூட்டையும் அந்த வண்டியில்தான், நாற்றுக் கட்டும் அதில்தான், ஆஸ்பத்திரிக்கும் அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மண்ணில் வண்டிக்கு வருகிற கோளாறே தனி. ஐப்பசி, கார்த்திகை முழுக்க ஈரம். வேதாரண்யம் பக்கம் போனால் உப்புக்காற்று. வயர்களை இணைக்கிற கப்ளரைக் கழற்றினால் உள்ளே பச்சை பூத்திருக்கும். அறுப்பு முடிந்து வயல் காலியானால் எலிகள் வீட்டுப் பக்கம் வந்து வயரைக் கடிக்கும். இது எதுவும் சர்வீஸ் சென்டரின் பட்டியலில் கிடையாது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் வாட்டர் வாஷ் மட்டும் உண்டு. அந்த அழுத்தத்தில் மீட்டருக்கு அடியிலும் சுவிட்சுக்குள்ளும் தண்ணீரைப் பீய்ச்சி, இல்லாத கோளாறையும் வரவழைத்து அனுப்புகிறார்கள்.

கடைசியில் பொறுக்க முடியாமல், "வாடிக்கையாளர்களுக்கு அனுமதி இல்லை" என்று போர்டு போட்ட கதவைத் தாண்டி உள்ளே போய்விட்டேன். அட்வைசர் பின்னாலேயே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். என் வண்டிக்குப் பக்கத்தில் நின்ற மெக்கானிக்கிடம் நடந்ததைச் சொன்னேன். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். அந்தப் பையன் ஒன்றும் பேசவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்து, ஹேண்டிலை இடது கோடி வரை திருப்பினான். அணைந்தது. ஹெட்லைட்டைக் கழற்றி, சாவி சுவிட்சிலிருந்து வருகிற வயர் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக அழுத்தினான். ஹேண்டிலின் கழுத்தில் உரசி உரசி, மேல் உறை லேசாகத்தான் தேய்ந்திருந்தது. உள்ளே செம்புக் கம்பி அறுந்து ஒன்றிரண்டு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. வெட்டி, பற்ற வைத்து, ஸ்லீவ் போட்டு, உரசாதபடி இடம் மாற்றிக் கட்டினான். அந்தப் புதுப் பேட்டரிக்குக் கொடுத்த பணத்தை நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

"இதை யாருமே எங்கிட்ட சொல்லலைண்ணே. கார்டுல செக்கப்னுதான் போட்டிருந்துச்சு" என்றான்.

அவன் மீது எனக்கு ஒரு துளி கோபம் இல்லை. சாயங்காலத்துக்குள் இத்தனை வண்டி முடிக்க வேண்டும் என்று அவன் கழுத்திலும் கத்தி. கோளாறைப் பார்க்கத் தெரிந்தவன் உள்ளே இருக்கிறான். கோளாறைச் சொல்லத் தெரிந்தவன் வெளியே சோபாவில் உட்கார வைக்கப்படுகிறான். இருவரும் பேசிவிடக் கூடாது என்று நடுவில் ஒரு கதவு, ஒரு கண்ணாடி, ஒரு கம்ப்யூட்டர். இதை இப்படி அமைத்தவர்கள் மீதுதான் என் கோபமெல்லாம்.

மறுநாள் சர்வீஸுக்கு மார்க் போடச் சொல்லி அங்கிருந்து போன் வந்தது. "பத்துக்குப் பத்து போட்டுடுங்க சார், இல்லன்னா எங்க இன்சென்டிவ் போயிடும்." எதற்குப் பத்து? தேவையில்லாமல் மாற்றிய பேட்டரிக்கா? பழைய பேட்டரியைக் கேட்டதற்கு "அதெல்லாம் ஸ்க்ராப்புக்குப் போயிடுச்சு" என்று சொன்னதற்கா?

சர்வீஸ் சென்டர்காரர்களே, சொன்னதைச் சொன்னபடி தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். வண்டி வைத்திருப்பவரைப் பின்னால் உட்கார வைத்து மெக்கானிக் ஒரு ஐந்து கிலோமீட்டர் ஓட்டட்டும். கழற்றிய பழைய பொருளைக் கையில் கொடுங்கள். இதற்கு எந்த ஸ்கேனரும் வேண்டாம்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாட்டுக்கு நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகாரும் பதியலாம். பிளக்குக்கும் பேட்டரிக்கும் வாங்கிய பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். மீட்டர் போட்டோ, ஜாப் கார்டு, பில் எல்லாம் இணைத்து. பதில் வரவில்லை என்றால் திருவாரூர் நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போகப் போகிறேன். என் பழைய பேட்டரி எங்கே போனது என்று அங்கே வந்து சொல்லட்டும்.