சானூர் கரையில் உட்கார்ந்திருந்தேன்

பாலிக்குப் போகிறேன் என்று சொன்னதும் எனக்குக் கிடைத்த யோசனைகள் இரண்டே வகை. எந்தெந்த ஊஞ்சலில் ஆடிப் படம் எடுக்கலாம் என்பது ஒன்று. "ராஜேந்திர சோழன் வென்ற மண், பெருமையோடு போய் வா" என்பது மற்றொன்று. ராஜேந்திரனின் படை போனது ஸ்ரீவிஜயத்தின் மீது, அது சுமத்ரா. பாலியை அதில் சேர்த்தது வாட்ஸ்அப். போகட்டும்.

ஒரே நாளில் நான்கு கோயில், இரண்டு அருவி என்று ஓடியதில் மூன்றாம் நாள் முழங்கால் மறுத்துவிட்டது. மிச்சப் பயணத்தை ரத்து செய்துவிட்டு சானூர் கடற்கரையிலேயே தங்கினேன். அந்த வலி வந்திராவிட்டால் பாலியைப் பார்க்காமலே திரும்பியிருப்பேன்.

சானூரில் ஒரு சிறிய கோயிலை ஒட்டிக் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு கல்தூண் நிற்கிறது. கி.பி. 914-இல் பாலி மன்னன் ஸ்ரீ கேசரி வர்மதேவன் நிறுத்திய வெற்றித்தூண். சமஸ்கிருதத்தை உள்ளூர் எழுத்திலும், பழைய பாலி மொழியை நாகரி எழுத்திலும் மாற்றி மாற்றி வெட்டியிருக்கிறார்கள். நான் போனபோது அங்கே ஒரு பூனை மட்டும் இருந்தது.

அதே கரையில் 1904-இல் சீன வணிகர் ஒருவரின் கப்பல் தரைதட்டியது. சரக்கை ஊர் மக்கள் கொள்ளையடித்துவிட்டார்கள், நஷ்ட ஈடு கொடு என்று டச்சு அரசு அந்தப் பகுதியை ஆண்ட பாடுங் மன்னரிடம் கேட்டது. மன்னர் மறுத்தார். பாலியின் தென்பகுதியை முழுக்கப் பிடிக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அது போதுமாக இருந்தது. 1906 செப்டம்பரில் படை சானூரில் இறங்கி மன்னரின் அரண்மனை இருந்த டென்பசார் நோக்கி நடந்தது. செப்டம்பர் 20 அன்று மன்னர், பெண்கள், குழந்தைகள், பூசாரிகள் எல்லோரும் வெள்ளை உடுத்து, கையில் கிரிஸ் கத்தியோடு அரண்மனையிலிருந்து துப்பாக்கிகளுக்கு நேரே நடந்து வந்தார்கள். சுடப்பட்டவர்கள் போக மற்றவர்கள் தங்களையே குத்திக்கொண்டார்கள். பெண்கள் நகைகளையும் காசுகளையும் சிப்பாய்களின் மேல் வீசினார்கள். இதைப் 'புபுதான்' என்கிறார்கள், முடித்துவிடுதல் என்ற பொருளில். டென்பசார் மைதானத்தில் உள்ள சிலையில் ஒரு பெண்ணின் ஒரு கையில் கத்தி, மறு கையில் நகை. அந்தப் போரில் அள்ளிப்போன ஆயுதங்கள், நகைகள், காசுகளில் ஒரு பகுதியை நெதர்லாந்து 2024-இல்தான் திருப்பிக் கொடுத்தது.

அடுத்த சில ஆண்டுகளிலேயே அதே டச்சுக்காரர்கள் பாலியைக் 'கலையும் அமைதியும் குடிகொண்ட தீவு' என்று விளம்பரம் செய்து சுற்றுலாக் கப்பல் விட்டார்கள். நாம் இன்றும் வாங்கிக்கொண்டிருப்பது அந்த விளம்பரத்தைத்தான். அதில் நமக்கு உறுத்தல் ஏதும் இல்லாததுதான் எனக்கு உறுத்துகிறது.

1942-இல் ஜப்பானியர் இறங்கியதும் சானூரில். 1946 மார்ச்சில் டச்சுப் படை திரும்பி வந்ததும் சானூரில். அதே ஆண்டு நவம்பரில் அவர்களை எதிர்த்துத் தொண்ணூற்றைந்து தோழர்களோடு செத்தவர் இ குஸ்தி ஙுரா ராய். விமான நிலையத்துக்கு வைத்திருப்பது அவர் பெயர். அதன் வழியாக வந்திறங்கிய நான் அது ஒரு மனிதரின் பெயர் என்றுகூட யோசிக்கவில்லை.

அடுத்து 1965. ஜகார்த்தாவில் தளபதிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து கம்யூனிஸ்டுகள் என்று பெயர்சூட்டி நாடெங்கும் வேட்டையாடினார்கள். கொல்லப்பட்டவர்கள் குறைந்தது ஐந்து லட்சம் பேர் என்பது பரவலான மதிப்பீடு. பாலியில் மட்டும் சுமார் 80,000. அன்றைய மக்கள்தொகையில் நூற்றுக்கு ஐந்து பேர். கொன்றவர்களில் இராணுவத்தோடு அக்கம்பக்கத்தாரும் உண்டு. 1966-இல் ஜப்பானின் போர் இழப்பீட்டுப் பணத்தில் சானூர் கரையில் பத்து மாடி ஹோட்டல் திறந்தார்கள். சாவுக்கும் திறப்பு விழாவுக்கும் இடையே ஓராண்டுகூட முழுதாக இல்லை. 2023-இல் அன்றைய இந்தோனேசிய ஜனாதிபதி ஜோகோ விடோடோ அந்தக் கொலைகளை மனித உரிமை மீறல் என்று ஒப்புக்கொண்டு வருந்தினார். மன்னிப்பு கேட்கவில்லை.

விமான நிலையத்துக்கு என்னைக் கொண்டுவிட்ட ஓட்டுநரிடம் அந்த 1965-ஐப் பற்றிக் கேட்டேன். ஐம்பது வயதிருக்கும், வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தவர். சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "எங்கள் தெருவில் இரண்டு வீடுகளுக்கிடையே இன்றும் பேச்சு கிடையாது, ஐயா. ஏன் என்று அம்மாவைக் கேட்டால் சாப்பிட வா என்பார்" என்றார். பிறகு வானொலியின் சத்தத்தைக் கூட்டினார்.