பிட்ச்சைக் கூட்டினால் வேகம் வராது

அண்ணை, பாய்ப்படகின் டீசல் எஞ்சினுக்குப் புரொப்பெல்லர் பிட்ச்சை இரண்டு அங்குலம் கூட்டினால் வேகமும் கூடும், டீசலும் மிஞ்சும் என்று நீங்கள் எழுதியது பிழை, இதை நம்பி ஆராவது காசைக் கொட்டி எஞ்சினையும் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். பிட்ச் என்பது வழுக்காமல் ஓடினால் ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னே போகும் தூரம். அதைக் கூட்டினால் எஞ்சினுக்குச் சுமை கூடும். நிமிடத்துக்கு 3600 சுற்று ஓடவேண்டிய எஞ்சின், கியர் போட்டு முழுதாக முடுக்கியும் 2900ஐத் தாண்டவில்லையென்றால், படகின் அடிப்பக்கம் சுத்தமாக இருக்கும்பட்சத்தில், பிட்ச் ஏற்கெனவே அதிகம்.

ஊர்காவற்றுறையில் நண்பரின் படகில் இதையே பார்த்தேன். பின்பக்கம் முழுக்கக் கரி, தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். முதலில் புரொப்பெல்லரில் பிடித்திருந்த சிப்பியைச் சுரண்டினோம், சுற்று கொஞ்சம்தான் ஏறியது. பிறகு பட்டறையில் கொடுத்து இரண்டு அங்குலம் குறைத்ததும் 3400க்கு வந்தது, கறுப்புப் புகையும் நின்றது.

அமைதியான கடலில் குறைந்த சுற்றில் ஓட்டும்போது பிட்ச் கூடினால் கொஞ்சம் டீசல் மிஞ்சும், அது சரி. ஆனால் எதிர்க்காற்றும் அலையும் வந்தால் அந்த எஞ்சின் திணறும், சூடேறும். 25 அடி நீர்க்கோடு (தண்ணீர் மட்டத்தில் படகின் நீளம்) உள்ள கனமான பாய்ப்படகு எஞ்சினில் மணிக்கு ஏறக்குறைய 6.7 கடல்மைலுக்கு மேல் எப்படியும் போகாது. தயவுசெய்து அந்த வரியைத் திருத்திவிடுங்கோ.