அனுப்பாத அறிக்கை

ஆளுநர்களின் சாதனைப் பட்டியல் ஒன்றை நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். இத்தனை பட்டமளிப்பு விழா, இத்தனை மரக்கன்று, மாணவர்களோடு இத்தனை கலந்துரையாடல். கடைசி வரி வரை படித்தேன் (ஞாயிற்றுக்கிழமை, வேறு வேலை இல்லை). நம் தமிழ்நாட்டு ராஜ்பவனில் ஆளுநராக இருந்தவர்களில் ஒரு பெயரை எழுதச் சொன்னால் நான் சுர்ஜித் சிங் பர்னாலா என்றுதான் எழுதுவேன். அவர் எழுத மறுத்த ஓர் அறிக்கைக்காக.

1990-ல் வி.பி. சிங் பிரதமராக இருந்தபோது இங்கே ஆளுநராக வந்தவர். அந்த வருடக் கடைசியிலேயே டெல்லியில் ஆட்சி மாறி, காங்கிரஸ் தயவில் சந்திரசேகர் பிரதமரானார். தி.மு.க. ஆட்சியைக் கலைத்தே ஆக வேண்டும் என்று காங்கிரசும் அ.தி.மு.க.வும் நெருக்கின. விடுதலைப் புலிகள் நடமாட்டத்தால் சட்டம் ஒழுங்கு கெட்டுவிட்டது என்பது சொன்ன காரணம். 1990 ஜூனில் சென்னைக் கோடம்பாக்கத்தில் புலிகளுக்கு எதிரான ஈழ இயக்கமான ஈ.பி.ஆர்.எல்.எஃப்.பின் தலைவர் பத்மநாபாவும் உடனிருந்தவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆகவே முழுக்கக் கட்டுக்கதை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சட்டமன்றத்தில் பெரும்பான்மை உள்ள அரசை வீட்டுக்கு அனுப்ப அது போதுமா?

போதாது என்று பர்னாலா நினைத்தார். கலைக்கச் சொல்லி அறிக்கை தர மறுத்துவிட்டார். மாநில ஆட்சியைக் கலைக்க வழி செய்யும் அரசியல் சட்டத்தின் 356-வது பிரிவை டெல்லி புரட்டிப் பார்த்தது. ஆளுநரின் அறிக்கை கிடைத்தோ ‘அல்லது வேறு வகையிலோ’ குடியரசுத் தலைவர் முடிவெடுக்கலாம் என்று அதில் இருக்கிறது. அந்த ‘வேறு வகை’யில்தான் 1991 ஜனவரி 30 அன்று கருணாநிதி அரசு கலைக்கப்பட்டது. பர்னாலாவைப் பீகாருக்கு மாற்றினார்கள். அவர் போகவில்லை, பதவியை விட்டுவிட்டார்.

1976 ஜனவரி 31 அன்று கலைக்கப்பட்டதும் இதே கருணாநிதியின் அரசுதான். அப்போது ஆளுநர் கே.கே. ஷாவின் அறிக்கை தயாராக இருந்தது.

பர்னாலாவுக்கு இதில் சொந்த அனுபவமும் உண்டு. அவர் பஞ்சாப் முதல்வராக இருந்தபோது 1987-ல் அங்கே குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. அப்போதைய ஆளுநர் சித்தார்த்த சங்கர் ராய். சூடு பட்டவர், இன்னொருவர் கையைப் பிடித்து நெருப்பில் வைக்கவில்லை.

“அவரை நியமித்ததே தி.மு.க. இருந்த வி.பி. சிங்கின் தேசிய முன்னணி அரசுதானே, நன்றிக்கடன்” என்பார்கள். இருக்கட்டுமே. நியமித்தவர்கள் பதவியில் இல்லாத நேரத்தில், இருக்கிற நாற்காலியைப் பணயம் வைத்தல்லவா அந்தக் கடனை அடைத்திருக்கிறார்!

இப்போதெல்லாம் ஆட்சியை யாரும் சட்டென்று கலைப்பதில்லை. 1994-ல் முன்னாள் கர்நாடக முதல்வர் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அதற்குக் கடிவாளம் போட்டது. அப்புறம் வந்தது மசோதாவைக் கிடப்பில் போடும் வித்தை. தமிழ்நாட்டின் 10 மசோதாக்களுக்காக உச்ச நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. ஆளுநருக்குக் காலக்கெடு விதிக்கலாமா கூடாதா என்று 2025 முழுக்கப் பேசினோம். கெடு வைத்தால்தான் கையெழுத்து வரும் என்ற நிலைமையே எனக்கு அசிங்கமாகப் படுகிறது.

சரி, பர்னாலா கதைக்கு ஒரு பாக்கி இருக்கிறது. 2004-ல் அதே ராஜ்பவனுக்குத் திரும்பி வந்தார். 2006-ல் கருணாநிதிக்கும், 2011-ல் ஜெயலலிதாவுக்கும் முதல்வராகப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தவர் அவரே. நண்பர் அனுப்பிய பட்டியலில் அவர் பெயரைத் தேடினேன். இல்லை.