புடவைக் கடைக்கு இரண்டு மணி நேரம், பெரிய கோயிலுக்கு நாற்பது நிமிடமா?

ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகிவிட்டது, எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு அம்மா, மகள், நான் மூவரும் இங்கே சிங்கப்பூரில் ஒரு பயண முகவரிடம் தலைக்கு 1,600 வெள்ளி கட்டி, சோழநாட்டுப் பாரம்பரியச் சுற்றுலா என்று நம்பிப் போனோம். சாங்கியிலிருந்து திருச்சி, அங்கிருந்து பஸ். அவர்கள் கொடுத்த தாளில் பெரிய கோயில், அரண்மனை, கலைக்கூடம், சரசுவதி மகால் நூலகம் எல்லாம் வரிசையாக இருந்தன. எந்த இடத்தில் எத்தனை நிமிடம் என்று மட்டும் ஒரு வரி இல்லை.

தஞ்சாவூரில் காலை ஒன்பதரைக்குக் கிளம்பினோம். நேரே கோயிலுக்குத்தான் என்று நினைத்தால் பஸ் போய் நின்றது ஒரு பட்டுப் புடவைக் கடை வாசலில். காப்பி கொடுத்து உட்கார வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். "நம்ம சிங்கப்பூர்த் தேக்காவில் இல்லாத புடவையாப்பா, கோயிலுக்குப் போகலாம்னு சொல்லு" என்று அம்மா என் காதில் சொன்னார். சொன்னேன். "இதோ சார், அஞ்சு நிமிஷம்" என்றார் வழிகாட்டி. அந்த அஞ்சு நிமிஷம் இரண்டு மணி நேரம் ஆனது.

கோயில் வாசலில் இறங்கும்போது பதினொன்றே முக்கால். பன்னிரண்டரைக்கு நடை சாத்திவிடுவார்கள் என்று அங்கே வந்த பிறகுதான் சொல்கிறார்! செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் கருங்கல் தரை கொதிக்கிறது. அம்மாவுக்கு 74 வயது, சர்க்கரை வேறு, பாதத்தில் சுட்டால்கூட உடனே தெரியாது. அவரைக் கைப்பிடித்து வடக்குப் பக்கம் சண்டிகேசுவரர் சன்னதி அருகே நிழலில் உட்கார வைத்தேன். அது எதனுடைய நிழல்? கருவறை மேல் எழும் கோபுரமான விமானத்தின் நிழல். அதே நேரத்தில் வழிகாட்டி எங்கள் குழுவை நிற்கவைத்து, இந்த 216 அடி விமானத்தின் நிழல் தரையில் விழவே விழாது என்று கால் மணி நேரம் விளக்கிக்கொண்டிருக்கிறார். ஆயிரம் வருடம் நிற்கிற ஒரு கட்டடத்துக்கு இந்தப் பொய் எதற்கு? உண்மையாகச் சொல்ல அங்கே எவ்வளவு இருக்கிறது!

அந்தச் சுவரெல்லாம் எழுத்து. தான் கொடுத்தது, தன் அக்கா கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லிலே வெட்டு என்று ராஜராஜன் சொல்லி வெட்டிய எழுத்து. கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்கள் 400 பேரின் பெயர், எந்தத் தெரு, எந்த வரிசை, எத்தனையாவது வீடு, ஆளுக்கு வருடம் நூறு கலம் நெல் என்பதுவரை இருக்கிறது. அரசன் பெயரை எல்லாக் கல்லிலும் பார்க்கலாம், ஆடிய பெண்ணின் வீட்டு அடையாளத்தை வேறு எங்கே பார்ப்போம்? அப்புறம் அவன் மகன் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி, அதாவது வெற்றிகளைப் பாடும் புகழுரை. 1025-இல் அவன் கப்பற்படை போன இடங்களை, கடாரம் (இன்றைய கெடா), ஸ்ரீவிஜயம் (சுமத்ரா), இலங்காசோகம் (மலாய்த் தீபகற்பத்தில்), நக்கவாரம் (நிக்கோபார்) என்று அடுக்கும் கல்வெட்டு அந்தக் கோயில் சுவரில்தான் இருக்கிறது. அதெல்லாம் நம்மைச் சுற்றியுள்ள கடலும் கரையும். சிங்கப்பூரிலிருந்து வந்த நாற்பது பேரிடம் முதலில் காட்ட வேண்டியது அதுதானே? அதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

மகள் உயர்நிலை இரண்டு படிக்கிறாள். தமிழ்ப் பாடத்தை வேண்டாவெறுப்பாகப் படிக்கிற பிள்ளைதான். அவள் தானாகப் போய்ச் சுவரில் விரல் படாமல் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து, "அப்பா, இது ட, இது ப, இது ம மாதிரி இருக்கு, என்னால படிக்க முடியுது!" என்று கத்தினாள். பதினான்கு வருடத்தில் தமிழுக்காக அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. அடுத்த எழுத்துக்கு நகர்வதற்குள் கொடியை ஆட்டி விசில் அடித்துவிட்டார்கள், பஸ் கிளம்புகிறதாம். எனக்கு அங்கேயே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இங்கே நம் தேசிய அரும்பொருளகத்தில் சிங்கப்பூர்க் கல் இருக்கிறது. 1843-இல் ஆற்று முகத்துவாரத்தை அகலப்படுத்த வெள்ளைக்காரன் வெடிவைத்துத் தகர்த்த பாறையின் ஒரு துண்டு. அதில் உள்ள பழைய எழுத்தை இன்னும் யாராலும் உறுதியாகப் படிக்க முடியவில்லை. அந்தத் துண்டின் முன்னால் பள்ளிப் பிள்ளைகளை நிற்கவைத்துப் பொறுமையாகக் கதை சொல்வதை நானே பார்த்திருக்கிறேன். படிக்க முடியாத கல்லுக்கு அவ்வளவு நேரம் கொடுக்கத் தெரிந்த ஊரிலிருந்து போய், படிக்கக்கூடிய ஒரு மலை எழுத்துக்கு எதிரே விசில் அடிக்கிறார்கள்.

அரண்மனைக் கதை இன்னும் மோசம். சாப்பாடு முடிந்து தலையாட்டி பொம்மைக் கடை, ஓவியக் கடை என்று ஏறி இறங்கிவிட்டுக் கலைக்கூடத்துக்குள் போனபோது மூட இருபது நிமிடம்தான். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர், காளையை வாகனமாகக் கொண்ட சிவன், அங்கே இருக்கிறார், 1011-ஆம் ஆண்டுச் செப்புத் திருமேனி. காளை இல்லை. ஆனால் அது பக்கத்தில் நிற்கிற மாதிரியே கையை ஊன்றி, காலை மாற்றி, ஓய்வாகச் சாய்ந்து நிற்கிறார். முன்னால் ஒரு மணி நேரம் நின்றாலும் போதாது. நான் நின்றது மூன்று நிமிடம், அதிலும் பாதி நேரம் அம்மா எங்கே என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு. சரசுவதி மகாலை வெளியிலிருந்தே கை காட்டினார்கள்.

ஊர் வந்ததும் முகவரிடம் போனேன். கடைகளை நீக்க முடியாதாம், அதை வைத்துத்தான் விலை கட்டுப்படியாகிறதாம். அப்படியானால் அதைத் தாளில் போடுங்கள்! இன்னும் நூறு வெள்ளி கேளுங்கள், கொடுத்துவிட்டுப் போகிறேன். பாரம்பரியம் என்று எழுதி என்னைப் புடவைக் கடைக்கு விற்காதீர்கள்.

நேற்று ஜூன் விடுமுறைக்கான விளம்பரம் வந்திருக்கிறது. அதே கோயில் படம், அதே வரிசை. போக நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் கோயிலில் எத்தனை நிமிடம், கடையில் எத்தனை நிமிடம் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்க மறுத்தால் திருச்சிக்கு நீங்களே டிக்கெட் போட்டு, ஒரு வாடகைக் கார் எடுத்து, வெயில் ஏறுவதற்குள் காலை ஆறரைக்கே கோயிலில் இருங்கள். நாங்கள் அப்படித்தான் போகப் போகிறோம். மகள் அந்தச் சுவரின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, கடாரம் எந்த வரியில் இருக்கிறது என்று தினமும் கேட்கிறாள்.